எட்டு மணிக்கு வீடு வரும் திறன்பேசி

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போவது தெலுக் பங்லிமா காராங்கில் வாழும் எவருக்கும் பழகிப்போன ஒன்று. ஒரு பக்கம் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் செம்பனை, பாலம் தாண்டினால் கேரித் தீவு, வடக்கே கிள்ளான் துறைமுகம். கொள்கலன் லோரி ஓட்டும் ஒருவராவது இல்லாத தெருவை எங்கள் பக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். முதுகலைப் படிப்பின் முதல் பருவத்தில் ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்கக் கல்வியாளரின் 1983-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு ஊர்தான் நினைவுக்கு வந்தது. பாடத்தைக் கொண்டுவரும் ஊடகம் வெறும் வண்டி என்பது அவர் கட்சி. மளிகைச் சாமானை லோரி கொண்டுவருகிறது. அதனால் நம் உடம்பில் சத்து ஏறிவிடுவதில்லை, சாமானில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. அப்படியே தொலைக்காட்சியும் கணினியும் தம்மளவில் யாருக்கும் கற்றலைக் கூட்டுவதில்லை, கற்பிக்கும் முறைதான் கூட்டுகிறது என்று அவர் வாதாடினார். படிப்பு முடியும்வரை அந்த வாதம் என்னை விடவில்லை.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 2019-இல் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், கற்பித்தல் வடிவமைப்பையும் கல்வித் தொழில்நுட்பத்தையும் சேர்த்துச் சொல்லித்தரும் முதுகலையில் சேர்ந்தேன். 11 அரசுப் பல்கலைக்கழகங்கள் கூடி 2000-இல் உருவாக்கிய பல்கலைக்கழகம் அது. வேலையை விட முடியாதவர்களும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களும் படிக்கக்கூடிய இடம். சேர்ந்த செய்தியைச் சொன்னதும் என் மாமியார், "கம்ப்யூட்டர் படிப்பாம்மா? முடிச்சா சம்பளம் ஏறுமா?" என்று கேட்டார். ஏறாது அத்தை என்றேன். "அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடு?" நியாயமான கேள்வி. அன்று அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை என்றாலும் பதில் என்னிடம் இருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறைக்குள் கருவிகள் வந்ததையும் போனதையும் நான் பார்த்திருந்தேன். ஏன் வந்தன, ஏன் போயின என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

இந்த நாட்டில் அந்தக் கதை நீளமானது. கல்வித் தொலைக்காட்சி 1972-இல் தொடங்கியது. 1996-இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் வந்தது. அதன் கிளையாக 1999-இல் 87 பள்ளிகளில் ஸ்மார்ட் பள்ளி முன்னோடித் திட்டம். 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது தமிழ்ப்பள்ளிகளுக்கும் மடிக்கணினி, புரொஜெக்டர், குறுந்தகடு எல்லாம் வந்து இறங்கின. 2011-இல் 10,000 பள்ளிகளை இணையத்தில் இணைக்கும் 1பெஸ்தாரிநெட், 400 கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்ட திட்டம். அதன் மெய்நிகர் கற்றல் தளத்தைப் பயன்படுத்தியவர்கள் மிகமிகச் சொற்பம் என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. 2019 நடுவில் அந்த ஒப்பந்தம் முடிந்தது, 2020 ஜூனில் டெலிமா என்ற கற்றல் தளம் வந்தது.

2003-இல் நான் புது ஆசிரியை. நான் அப்போது இருந்த பள்ளியில், கீழே விழுந்து உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் புரொஜெக்டர் பாதி நாள் அலமாரியில் பூட்டியே இருக்கும். வெளியே எடுத்த நாள்களில் குறுந்தகட்டின் குரல் ஆங்கிலத்தில் அழகாகப் பேசும். பிள்ளைகள் திரையைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள். 'இப்ப என்ன சொல்லுது டீச்சர்?' என்ற கேள்வி அத்தனை கண்ணிலும் இருக்கும். நான் தமிழில் சொல்லச் சொல்ல வகுப்பு நகரும். யாருக்காக வாங்கினோம் என்ற கேள்வியைக் கேட்காமலே வாங்கினார்கள் என்பது என் திடமான எண்ணம். ஒவ்வொரு முறையும் இயந்திரம் முதலில் வந்தது; பாடத்தைப் பற்றிய யோசனை அதன் பின்னால் ஓடி வந்தது.

கோலாலம்பூரில் நேர்முக வகுப்பு உள்ள வாரக்கடைசிகளில் கிள்ளான் நிலையத்தில் காரை விட்டுவிட்டு கொமுட்டர் ஏறுவேன். பாடாங் ஜாவா, ஷா ஆலாம், சுபாங் ஜெயா என்று ஒவ்வொரு நிலையமாக நிற்கும் அந்த ரயில்தான் என் படிப்பறை. கே.எல். சென்ட்ரல் வருவதற்குள் ஒரு கட்டுரையை முடித்துவிடலாம். உடன் படித்தவர்களில் ஆசிரியர்கள் பாதிப்பேர்தான். தாதியருக்குப் பயிற்சி தரும் அக்கா ஒருவர் இருந்தார், வங்கியில் புது ஊழியர்களைப் பழக்கும் ஒருவர் இருந்தார், படையில் பணியாற்றிய ஒருவரும் இருந்தார். பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயலாக்கம், மதிப்பீடு என்று ஐந்து படிகளாகப் பாடத்தை அமைக்கும் அடி (ADDIE) முறை 1975-இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது என்று தெரிந்தபோது படையில் பணியாற்றியவர் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த ஐந்தில் முதல் படியிலேயே எங்களை நெடுநாள் நிறுத்தி வைத்தார் எங்கள் விரிவுரையாளர். பகுப்பாய்வுப் பகுதியில் ஒரு செயலியின் பெயரும் வரக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. கற்பவர் யார், எங்கே உட்கார்ந்து கற்கிறார், பக்கத்தில் யார் இருக்கிறார், ஏற்கெனவே என்ன தெரியும், எது தெரியாமல் தடுக்கி விழுகிறார் என்பதை எழுதி முடிக்கும்வரை கருவியைப் பற்றிப் பேசவே விடமாட்டார். இந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்தவற்றில் விலைமதிப்புள்ளது இதுதான். மென்பொருள்கள் பல கற்றுத் தந்தார்கள். அவற்றில் சில இன்று இல்லவே இல்லை.

வகுப்பு முடிந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் சாப்பிடப் போவோம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கோலோடு நடப்பவர்களை அந்தத் தெருக்களில் எந்நேரமும் பார்க்கலாம். ஒரு மதியம் சாப்பாட்டுக் கடையில் எதிரில் உட்கார்ந்தவர் உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்பவர். நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு, "டீச்சருங்களா? ஒன்னு கேக்கலாமா?" என்றார். அவருடைய மகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். வீட்டுப்பாடத்தில் உதவ ஆசை. திறன்பேசி அவருக்கு எதையும் படித்துச் சொல்லும், தமிழும் படிக்கும். ஆனால் பள்ளியிலிருந்து வரும் தாள்களை மட்டும் படிக்க மாட்டேன் என்கிறது. வாங்கிப் பார்த்தேன். ஒரு தாள் படமாகப் பிடித்து அனுப்பியது, அதில் எழுத்தே இல்லை. இன்னொன்று பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்தது. திரையில் தமிழாகத் தெரியும்; உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளின் குறியீடு. அதனால் கருவி அவருக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளை வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தது.

அன்று ரயிலில் வீடு திரும்பும்போது கிளார்க்கோடு மனத்துக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். பாடம் அதே பாடம்தான். வண்டி மாறியதால் ஒரு தகப்பனுக்கு அது கிடைத்திருக்கும், அல்லது கிடைக்காமல் போயிருக்கும். கிளார்க்குக்கு மறுப்பு எழுதிய ராபர்ட் கோஸ்மா 1990-களில் சொன்னதும் ஏறக்குறைய இதுவே: ஒவ்வொரு ஊடகத்துக்கும் தனக்கென்று சில திறன்கள் உண்டு, கற்பவருக்கு அவை பொருந்தும் இடத்தில் கற்றல் நடக்கிறது. துறைமுகத்தில் வேலை செய்கிற எவரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். உறைந்த மீனை ரீஃபர் எனப்படும் குளிர்கொள்கலனில் ஏற்றுவார்கள், வழி முழுதும் அதற்கு மின்சாரம் கொடுப்பார்கள். சாதா லோரியில் ஏற்றினால் சேர்வது மீனாக இருக்காது. ஆனாலும் கிளார்க்கை நான் முழுதாகக் கைவிடவில்லை. காலிக் கொள்கலனை எத்தனை பெரிய லோரியில் ஏற்றினாலும் காலிதான் என்பதை 2003-இல் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேனே.

2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனா பரவலால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, பள்ளிகள் மூடின. ஆய்வேட்டுக்கு என் மனத்தில் இருந்தது மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் பின்னம் கற்க ஒரு செயலி. படங்கள் அசையும், பீட்சா துண்டுகளாகும், சரியாகச் செய்தால் மணி அடிக்கும். விரிவுரையாளரின் கண்டிப்பு மனத்தில் இருந்ததால் செயலியைத் தொடுமுன் வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்கினேன்.

அந்த ஆண்டு கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று வந்தது. என் வகுப்பைப் பொறுத்தவரை, காகிதத்தில், நிலைமை அவ்வளவு மோசமில்லை. 'வீட்டில் திறன்பேசி உள்ளதா?' என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் 'உள்ளது' என்று குறித்திருந்தார்கள். பேசிப் பார்த்தபோதுதான் உண்மை வந்தது. கொள்கலன் லோரி ஓட்டும் தகப்பனார் ஒருவர் சொன்னார்: "போன் இருக்கு டீச்சர். ஆனா அது என்னோட போர்ட்டுக்கு வந்துடுமே. நான் வீட்டுக்கு வர ராத்திரி எட்டு மணி ஆகும். அதுக்கப்புறம் மூனு பிள்ளைங்களும் அதுக்குத்தான் அடிச்சுக்குதுங்க. வீடியோ மட்டும் அனுப்பாதீங்க டீச்சர், டேட்டா நிக்காது."

காலை ஒன்பது மணிக்கு நேரலை வகுப்பு நடத்திவிட்டு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பெயர் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. வராதவர்கள் எல்லாரும் அக்கறையில்லாதவர்கள் என்ற பேச்சு ஆசிரியர் அறைக்குப் பதிலாகப் புலனக் குழுக்களில் ஓடியது. அந்தப் பிள்ளைகளின் வகுப்பு அந்நேரம் கிள்ளான் துறைமுகத்தில், ஒரு லோரியின் முன் கண்ணாடிக்குக் கீழே, தகப்பனின் சட்டைப்பையில் இருந்தது. பதினொரு மணி நேரம் கழித்து வீடு வரும். இரவு எட்டு மணிக்கு வந்து, மூன்று பேர் கையில் மாறி, பத்து மணிக்கு மின்னூட்டத்தில் போடப்படும் ஒரு திறன்பேசிக்குத்தான் நான் பாடம் வடிவமைக்க வேண்டியிருந்தது.

செயலியை ஒதுக்கி வைத்தேன். இரண்டு நிமிடத்துக்குள் அடங்கும் குரல்பதிவு, அதோடு வீட்டில் கையில் இருக்கும்படி ஒரு பை நிறைய அட்டைகள். குரல்பதிவுக்கு டேட்டா அதிகம் தேவையில்லை, ஒருமுறை இறங்கினால் போதும், மூன்று பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கலாம்.

அட்டை யோசனை ஆந்திரத்திலிருந்து வந்தது. ரிஷிவேலிப் பள்ளியைச் சுற்றியுள்ள கிராமங்களில், பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் ஓர் ஆசிரியரோடு உட்காரும் சிறு பள்ளிகளுக்காக, பாடத்தைப் படிப்படியாக அட்டைகளில் பிரித்து ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். பிள்ளை தன் அட்டையை எடுத்துத் தன் வேகத்தில் போகும். அதைத்தான் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் கொண்டுவந்து, 2007-இல் தமிழ்நாடு முழுதும் செயல்வழிக் கற்றல் என்று விரித்தார்கள். தமிழ்நாட்டில் அதைப் பற்றி ஆசிரியர்களுக்குள் இரண்டு கருத்து உண்டு என்று அறிவேன். எனக்கு அது உடனே புரிந்ததற்குக் காரணம், முன்பு தோட்டப் பகுதிச் சிறு பள்ளியொன்றில் இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கூட்டு வகுப்பு நடத்தியிருக்கிறேன். ஒரு பக்கத்துக்குப் பாடம் நடத்தும்போது மறுபக்கம் தானாக ஓட வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நேரத்திலும் நகரக்கூடிய பாடம் எப்படி இருக்க வேண்டும் என்பது அந்த அறையில் பழகியது.

படித்த கோட்பாடுகள் இங்கேதான் கைகொடுத்தன. ஜான் ஸ்வெல்லர் 1988-இல் எழுதியது: நினைவின் பணிமேடை மிகச் சிறியது, தேவையில்லாததைக் குவித்தால் தேவையானது வழிந்துவிடும். ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள், பேசும் வாக்கியத்தையே அதே நேரத்தில் எழுத்திலும் காட்டினால் கற்றல் குறையவும் கூடும் என்று காட்டின. ஆகவே என் அட்டையில் வாக்கியம் இல்லை. படமும் எண்ணும் மட்டும். வாக்கியம் குரலில். 'தாளை நாலா மடி. ஒரு பங்குக்கு மட்டும் வண்ணம் அடி. இப்போ என்னை நிறுத்திட்டு, செஞ்சு முடிச்சுட்டு வா.' ஒரு மூச்சுக்கு ஒரு கட்டளை. காற்றாடியை நிறுத்திவிட்டு, சாலையில் லோரிச் சத்தம் தணியும் நேரம் பார்த்துப் பதிவு செய்வேன். என் மகன் அடுத்த அறையில் இருந்து, புரியவில்லை என்றால் சுவரைத் தட்டுவான்.

பைகளை எப்படிச் சேர்ப்பது என்பது இன்னொரு சிக்கல். சாலைத் தடுப்புகள் இருந்தன, வீடு வீடாகப் போக முடியாது. மளிகைக்கடை அண்ணன் அதைத் தீர்த்து வைத்தார். "பையை இங்க வெச்சிட்டுப் போங்க டீச்சர். அரிசி வாங்க எல்லாரும் என்கிட்டதானே வரணும், பேரைப் பார்த்துக் கொடுத்துடறேன்." பாடம் அரிசியோடும் சமையல் எண்ணெயோடும் வீடு போய்ச் சேர்ந்தது.

இரவு எட்டரை வாக்கில் பதில்கள் வரத் தொடங்கும். பிள்ளைகளின் குரல், பின்னால் தொலைக்காட்சி, யாரோ யாரையோ அதட்டுவது. ஒரு நாள் ஒரு பாட்டியின் குரல் வந்தது. பேரனுக்கு அரையும் காலும் சேர்த்தால் எவ்வளவு என்று பிடிபடவில்லை. பாட்டி பால் டின்னை எடுத்து வந்து அரை டின் அரிசி, கால் டின் அரிசி என்று கொட்டிக் காட்டியிருக்கிறார். "முக்கா டின்னுன்னு அவனே சொல்லிட்டான் டீச்சர். உங்க அட்டையில கீழ நாலு மேல மூனுன்னு போட்டிருக்கே, அது இதானா?" அதேதான் பாட்டி என்று பதில் அனுப்பினேன். தோட்டத்தில் அரிசி அளந்து குடும்பம் நடத்திய அந்தம்மாவுக்குப் பின்னம் தெரியும். எழுதும் முறைதான் புதிது. பிள்ளைக்கும் அப்படியே. தெரிந்ததை முதலில் எழுப்பிவிட்டுப் புதியதைச் சொல் என்று டேவிட் மெரில் 2002-இல் வகுத்த முதல் கொள்கைகளில் உள்ளதைப் பரீட்சைக்காகப் படித்திருந்தேன். அது என்னவென்று பாட்டியின் பதிவில்தான் கேட்டேன். மறுவாரம் அட்டைகளைத் திரும்ப அச்சடித்தேன். பீட்சா போய்ப் பால் டின் வந்தது. வீட்டில் இருக்கும் பெரியவருக்கென்று ஒரு தனிக் குரல்பதிவும் சேர்ந்தது.

ஆய்வேட்டை வாய்மொழியாக விளக்கிய நாளில் ஒரு தேர்வாளர் கேட்டார்: "இதில் தொழில்நுட்பம் எங்கே இருக்கிறது?" மரியாதையாகத்தான் கேட்டார். கல்வித் தொழில்நுட்ப முதுகலைக்கு ஒருவர் அட்டையையும் பால் டின்னையும் கொண்டுவந்து நின்றால் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். எட்டு மணிக்கு வரும் திறன்பேசியைப் பற்றிச் சொன்னேன். நேரலை, காணொலி, செயலி ஒவ்வொன்றையும் ஏன் விலக்கினேன் என்று காரணத்தோடு காட்டினேன். விலக்குவதும் வடிவமைப்பு என்றேன். வகுப்பு சிறியது, ஒப்பிட இன்னொரு குழு இல்லை, ஆகவே மதிப்பெண் கூடியது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். நேரலையில் காணாமல் போயிருந்த பிள்ளைகளின் குரல் இரவில் வந்தது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

அட்டையைப் புகழ்கிறேன் என்பதற்காக, கருவி வேண்டாம் என்ற கட்சியில் என்னைச் சேர்க்க வேண்டாம். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காதது. இந்த வட்டாரத்திலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. கேரித் தீவோடு தொடர்புள்ள குடும்பத்தில் வந்த முத்து நெடுமாறன் 1980-களிலேயே கணினியில் தமிழுக்கு வழி செய்யத் தொடங்கி, முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளையும் பின்னர் கைப்பேசிக்குச் செல்லினம் என்ற செயலியையும் தந்தார். யூனிகோட் எனப்படும் ஒருங்குறியில் தமிழ் உறுதியாக இடம் பிடித்ததால்தான் பிரிக்பீல்ட்ஸில் நான் பார்த்தவரின் திறன்பேசிக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்தது. அந்த மதியத்துக்குப் பிறகு என் கையிலிருந்து போகும் எந்தத் தாளும் ஒருங்குறியில் மட்டுமே போகிறது. படமாகப் பிடித்து அனுப்புவதில்லை. சக ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். பழைய எழுத்துருவில் பத்தாண்டுப் பயிற்சித்தாள்களைச் சேர்த்து வைத்திருக்கும் மூத்த ஆசிரியர்களுக்கு அவற்றை மாற்றித் தருவது என் வார இறுதி வேலைகளில் ஒன்று.

2021 அக்டோபரில் பள்ளிகள் படிப்படியாகத் திறந்தன. தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் யூபிஎஸ்ஆர் தேர்வு அதற்குள் ஒழிக்கப்பட்டிருந்தது. பட்டமும் கைக்கு வந்தது, மாமியார் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டச் சொன்னார். இப்போது வகுப்பில் நல்ல திரை இருக்கிறது, டெலிமா கணக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கிறது. அட்டைப் பைகளும் இருக்கின்றன.

ஆண்டுத் தொடக்கத்தில் என் வகுப்புப் பெற்றோருக்கு நான் தரும் தாளில் ஒரு கேள்வியை மாற்றிவிட்டேன். 'திறன்பேசி உள்ளதா?' என்பதை எடுத்துவிட்டு, 'எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை பிள்ளையின் கைக்கு வரும்?' என்று கேட்கிறேன். இந்த ஆண்டு எந்நேரமும் என்று எழுதியவர்கள் உண்டு. ஒன்பதுக்கு மேல் என்று எழுதியவர்கள் உண்டு. தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்க்கும் ஒரு தாய், காலை ஏழிலிருந்து ஏழரை, நான் வந்து தூங்கப் போகும் முன், என்று எழுதியிருந்தார். அந்தப் பிள்ளைக்கான பதிவுகளை அரை மணி நேரத்தில் கேட்டுச் செய்து முடிக்கும்படி வெட்டிக்கொண்டிருக்கிறேன்.